கரடுமுரடான பாதையில் ஏர் ரைஃபிளின் துல்லியம் நிலைக்குமா?

கேள்வி: என்னிடம் 4.5 மி.மீ. பிசிபி வகை (சிலிண்டரில் முன்கூட்டியே உயர் அழுத்தக் காற்றை நிரப்பிச் சுடும்) ஏர் ரைஃபிள் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தத்தில் காற்றைத் தரும் ரெகுலேட்டர் பொருத்தியது, ஆற்றல் சுமார் 16 ஜூல். இதுவரை உள்ளரங்கில் 10 மீட்டர் தூரத்தில்தான் சுட்டுப் பழகினேன். அண்மையில் நண்பர்களுடன் ஃபீல்ட் டார்கெட் (வெட்டவெளியில் வெவ்வேறு தூரங்களில் உள்ள இலக்குகளைச் சுட்டு வீழ்த்தும் போட்டி) பயிற்சிக்காக மலைச்சரிவு ஒன்றுக்கு எடுத்துச் சென்றேன். வாகனத்தில் நல்ல குலுக்கல், பிறகு நடை, தூசி, இடையில் சிறு தூறல். அங்கே 25 மீட்டர் தூரத்தில் சுட்டபோது பெல்லட்டுகள் குறியிலிருந்து ஏறக்குறைய 2 செ.மீ. வலப்பக்கம் தள்ளி விழுந்தன. ஆனால் ஒன்றுக்கொன்று வழக்கம்போல் நெருக்கமாகவே இருந்தன. துல்லியத்துக்காகச் செய்த துப்பாக்கியை வெளியில் எடுக்கவே கூடாது என்கிறார் ஒரு நண்பர். முரட்டுப் பயன்பாட்டுக்கு ஸ்பிரிங் துப்பாக்கி ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள் என்கிறார் மற்றொருவர். என் துப்பாக்கி கெட்டுவிட்டதா? யார் சொல்வது சரி?

பதில்: நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு செய்தி பாதி விடையைத் தந்துவிடுகிறது. பெல்லட்டுகள் இடம் மாறி விழுந்தனவே தவிர, சிதறி விழவில்லை. குழலோ வால்வோ உண்மையிலேயே பழுதடைந்திருந்தால் அந்த நெருக்கம் முதலில் குலைந்திருக்கும். ஒரே குறிக்குச் சுட்ட பெல்லட்டுகள் விழுந்த தொகுதியைக் குரூப் என்கிறோம். குரூப்பின் பரவல் வேறு, குரூப்பின் மையம் வேறு. வெளியில் போய்வந்த துப்பாக்கியைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பாலானவை இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதால் எழுபவை. எனது பட்டறைக்கு ‘குழல் போய்விட்டது’ என்று சொல்லிக் கொண்டுவரப்படும் ஏர் ரைஃபிள்களில் குழல் நன்றாக இருப்பதும், குழலோடு சேர்த்துப் பிணைக்கப்பட்ட ஏதோ ஒன்று நகர்ந்திருப்பதுமே வழக்கம். ஆகவே உங்கள் துப்பாக்கி கெட்டுவிட்டதாக நான் கருதவில்லை.

எவ்வளவு சிறிய நகர்வு இவ்வளவு பெரிய விலகலைத் தரும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால், குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிணைக்கும் மவுண்டை ஏன் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது விளங்கும். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் இரு வளையங்களுக்கும் இடையே 10 செ.மீ. இடைவெளி இருப்பதாகக் கொள்ளுங்கள். 25 மீட்டரில் 2 செ.மீ. விலகல் உண்டாக, ஒரு வளையம் மற்றதைக் காட்டிலும் பக்கவாட்டில் 0.08 மி.மீ. நகர்ந்தால் போதும், இது சாதாரண எழுதுதாள் ஒன்றின் தடிமனைவிடக் குறைவு. அதே நகர்வு 50 மீட்டரில் 4 செ.மீ. ஆகிவிடும். உலக ஃபீல்ட் டார்கெட் போட்டிகளில் வீழ்த்த வேண்டிய வட்டத்தின் விட்டம் அதிகபட்சமே 40 மி.மீ. தான் என்பதால், மையத்தைக் குறிபார்த்துச் சுடும் பெல்லட் அந்த வட்டத்துக்கு வெளியே போய் விழும். வாகனத்தின் பின்பகுதியில், துப்பாக்கியின் எடை முழுவதும் ஸ்கோப்பின் மீது சாய்ந்தபடி சில மணி நேரம் குலுங்கிய ஒரு மவுண்டுக்கு இந்த அளவு நகர்வது மிக எளிது.

இது இன்று நேற்றுத் தோன்றிய சிக்கலும் அன்று. 1804 முதல் 1806 வரை அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்காகக் கடந்து பசிபிக் கடற்கரையைத் தொட்டுத் திரும்பிய லூயிஸ்–கிளார்க் பயணக் குழு தன்னுடன் காற்றுத் துப்பாக்கி ஒன்றையும் கொண்டு சென்றது. ஆற்றிலும் மலையிலும் அடிபட்ட அந்தத் துப்பாக்கியின் குறிகாட்டி, ஏதோ ஒரு விபத்தில் இடம் பெயர்ந்துவிட்டதாகவும், தாமே அதைச் சரிசெய்து குறி ஒழுங்கு செய்தபின் முன்பு சுட்டதுபோலவே நன்றாகச் சுட்டதாகவும் மெரிவெதர் லூயிஸ் 1805 ஆகஸ்டில் குறித்து வைத்திருக்கிறார். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் வெளிப் பயணம் முதலில் பதம் பார்ப்பது பார்வைக் கருவியைத்தான்.

ஆனால் மவுண்டைத் தொடுவதற்கு முன் காற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். உள்ளரங்கில் மட்டும் பழகியவர்கள் மறந்துவிடுகிற காரணி இதுவே. உங்கள் துப்பாக்கியில் அரை கிராமை ஒட்டிய எடையுள்ள பெல்லட் வினாடிக்கு 240 மீட்டர் அளவில் புறப்படுகிறது. இடுப்புச் சுருங்கி, பின்புறம் பாவாடைபோல் விரிந்த அதன் வடிவம் நேராகப் பறப்பதற்கு உதவினாலும் வேகத்தை விரைவில் இழக்கச் செய்கிறது. வேகத்தை இழக்கும் பொருளைத்தான் குறுக்குக் காற்று எளிதில் தள்ளும். முகத்தில் படுவது தெரிகிற, இலைகளைச் சலசலக்கச் செய்கிற அளவிலான காற்று, அதாவது வினாடிக்கு 2 மீட்டர் வேகக் காற்று, முழுக் குறுக்காக வீசினால் அந்தப் பெல்லட்டை 25 மீட்டரில் ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளும். தூரம் இரட்டித்தால் விலகலும் இரட்டிக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. 50 மீட்டரில் அது ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. மலைச்சரிவில் மாலை நேரத்தில் ஒரே பக்கமாகச் சீராக வீசும் காற்றில் சுட்டால், குரூப் நெருக்கமாகவே இருக்கும், ஆனால் முழுவதுமாகப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கும். நீங்கள் விவரித்திருப்பதும் ஏறக்குறைய இதே தோற்றம்தான் என்பதைக் கவனியுங்கள்.

எனவே மவுண்டா காற்றா என்பதைப் பிரித்தறிய வேண்டும், அதற்கு ஒரு நல்ல வழி உங்கள் கைவசமே இருக்கிறது. எந்தத் திருகையும் முடுக்காமல், ஸ்கோப்பின் டரட்டை (குறியை நகர்த்தும் திருகுகுமிழை)த் திருப்பாமல், துப்பாக்கியை அது இப்போது இருக்கிற நிலையிலேயே உள்ளரங்குக்குக் கொண்டு செல்லுங்கள். முன்பு பயன்படுத்திய அதே பெல்லட், அதே காற்றழுத்தம், அதே 10 மீட்டர் தூரம். ஒரே புள்ளியைக் குறிவைத்துப் பத்து முறை சுடுங்கள். ஐந்து போதாது, ஏனெனில் ஐந்து பெல்லட்டுகளின் மையம் தற்செயலாகவே சற்று இங்கும் அங்கும் அலையும். மவுண்ட் நகர்ந்திருந்தால் 25 மீட்டரில் தெரிந்த 2 செ.மீ., 10 மீட்டரில் 8 மி.மீ. விலகலாகத் தெரிந்தே தீரும், அதுவும் அதே வலப்பக்கத்தில். காற்றே காரணமென்றால் அந்த விலகல் நான்கு சுவருக்குள் காணாமல் போய்விடும். விலகல் 4 மி.மீ. அளவில் நின்றால் இரண்டுமே சேர்ந்து விளையாடியிருக்கின்றன என்று பொருள். குறி தவறியதைக் கண்டவுடன் அந்த இடத்திலேயே டரட்டைத் திருப்பிச் சரிசெய்துவிடும் பழக்கம் பலருக்கும் உண்டு. அதனால் தடயமே அழிந்துவிடுகிறது, மறுவாரம் வேறு காற்றில் வேறு குழப்பம் தொடங்குகிறது.

மவுண்ட்தான் என்று தெரிந்தால் அதை முழுவதும் கழற்றி, பிடிப்பு முகங்களில் உள்ள எண்ணெய்ப் பசையைத் துடைத்துவிட்டு மீண்டும் பொருத்த வேண்டும். துப்பாக்கியின் மேற்புறத்தில் மவுண்டைப் பொருத்தும் தண்டவாளம் 11 மி.மீ. டவ்டெயில் வகை என்றால், மவுண்ட் வெறும் உராய்வுப் பிடியினால்தான் நிற்கிறது. பிகாட்டினி வகையில் குறுக்குப் பள்ளங்கள் இருப்பதால் முன்பின் நகர்வுக்கு ஒரு தடுப்பு கிடைக்கிறது. வெளிப் பயன்பாட்டுக்கு இரு தனி வளையங்களைவிட, அடிப்பாகம் ஒன்றாக இணைந்த ஒற்றை மவுண்டையே நான் விரும்புவேன். வளையத் திருகுகளை ஒரு பக்கம் முழுவதும் முடுக்கிவிட்டு மறுபக்கம் வராமல், மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விசைக்கு மிகாமல் முடுக்குங்கள். ஆலன் கீயைக் கை வலிக்க முறுக்குவது உறுதியைக் கூட்டாது. ஸ்கோப்பின் உடலை நசுக்கி உள்ளிருக்கும் சரிசெய்யும் அமைப்பைத்தான் கெடுக்கும். முடுக்கி முடித்தபின் ஒவ்வொரு திருகின் தலையிலிருந்து மவுண்டின் உடல்வரை மெல்லிய பேனாக் கோடு ஒன்றை இழுத்து வையுங்கள். பயணம் முடிந்து வந்ததும் அந்தக் கோடு உடைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

மவுண்டுக்கு அடுத்தபடியாகக் குழல் நிற்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். பல பிசிபி துப்பாக்கிகளில் குழல், காற்றுச் சிலிண்டருக்கு மேலே ஒரு பட்டையால் பிணைக்கப்பட்டிருக்கும். பட்டையின் திருகு தளர்ந்தாலோ, மரத்தின் மீதோ வாகனக் கதவின் மீதோ குழல்முனையைச் சாய்த்து வைத்தபோது பக்கவாட்டில் அழுத்தம் விழுந்தாலோ, குழல் ஒரு பக்கம் தள்ளப்பட்டு அங்கேயே நின்றுவிடும். முனையில் மாட்டும் ஒலிதணிப்பான் ஒரு நெம்புகோல்போல் செயல்பட்டு அடியைப் பெரிதாக்கும். குழல் எதையும் தொடாமல் தனித்து நிற்கும் வடிவமைப்பு என்றால், அதற்கும் சிலிண்டருக்கும் இடையே ஒரு தாளைச் செருகி இழுத்துப் பாருங்கள். எங்கேனும் சிக்கினால் அங்கே தூசியோ சிறுகல்லோ அடைந்திருக்கலாம், அல்லது குழலே நகர்ந்திருக்கலாம்.

இதுவரை சொன்னது மையம் நகர்வதைப் பற்றி. சோதனையில் குரூப்பே விரிந்திருந்தால் கதை வேறு, அங்கே நான் முதலில் துப்பாக்கியைப் பார்ப்பதில்லை, பெல்லட் டப்பாவைத்தான் திறந்து பார்ப்பேன். பெல்லட் மிருதுவான ஈயம். அதன் பின்புறப் பாவாடை மிக மெல்லியது. பாதி காலியான டப்பா முதுகுப்பையில் நாள் முழுவதும் குலுங்கினால் பாவாடைகள் ஒன்றோடொன்று மோதி நெளிகின்றன, ஈயத் துகள்கள் உதிர்ந்து ஒட்டிக்கொள்கின்றன. நெளிந்த பாவாடையுள்ள பெல்லட் குழலை விட்டு வெளியேறும்போது அதன் பின்னால் வரும் காற்று ஒரு பக்கம் முந்திக்கொண்டு கசிந்து அதைச் சாய்த்துவிடும். மூடிக்கடியில் ஒரு துண்டு ஃபோம் வைத்து அசையாமல் அடைத்தாலே இதைப் பெருமளவு தவிர்க்கலாம். பெல்லட்டின் தலை வடிவத்தையும் பாருங்கள்: 10 மீட்டர் போட்டிக்குரிய தட்டைத் தலைப் பெல்லட், தாளில் வட்டமாகத் துளையிடுவதற்காகச் செய்யப்பட்டது, தூரம் கூடக்கூட அது நிலைகுலையும். வெளியில் 25 மீட்டருக்கு அப்பால் சுட உருண்டைத் தலைப் பெல்லட்டே ஏற்றது.

அடுத்துப் பார்க்க வேண்டியது குழல்வாயின் விளிம்பு. பெல்லட் கடைசியாகத் தொடும் இடம் அது. அங்கே கண்ணுக்குப் புலப்படாத ஒரு சிறு வடு இருந்தாலும் எல்லாப் பெல்லட்டுகளும் பாதிக்கப்படும். துப்பாக்கியில் பெல்லட்டோ அழுத்தமோ நின்றிருக்கவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, காது துடைக்கும் பஞ்சுக் குச்சியை விளிம்பின் உட்புறத்தில் மெதுவாகச் சுழற்றுங்கள். பஞ்சிழை எந்த இடத்திலாவது பிடித்து இழுபட்டால் அங்கே பிசிறு இருக்கிறது. அதை நீங்களே அரத்தால் தேய்க்க முற்படாதீர்கள். குழலின் அச்சுக்கு நேராக இல்லாமல் தேய்த்த விளிம்பு வடுவைவிட மோசமானது. விளிம்பு நன்றாக இருந்தால், பின்புறமிருந்து இழுக்கும் துணிக்கயிற்றால் குழலைத் துடைத்துவிட்டு மீண்டும் சுட்டுப் பாருங்கள். துடைத்த பிறகு முதல் சில பெல்லட்டுகள் சற்று அலைந்து, பின்னர் குரூப் நிலைபெறுவது இயல்பே.

குரூப் மேலும் கீழுமாக மட்டும் நீண்டிருந்தால் அது வேகம் மாறுபடுவதன் அடையாளம்; அங்கே குற்றவாளி காற்றமைப்பு. ரெகுலேட்டருக்குள் காற்றை அடைக்கும் சீல் தேய்ந்திருந்தால், துப்பாக்கி நீண்ட நேரம் சும்மா இருக்கும்போது அழுத்தம் மெல்ல மெல்ல ஏறி, முதல் பெல்லட் மட்டும் வேறு வேகத்தில் போகும். வெளியில் இலக்குக்கு இலக்கு நடந்து செல்லும்போது ஒவ்வொரு பெல்லட்டுமே அந்த ‘முதல் பெல்லட்’ ஆகிவிடுவதால், உள்ளரங்கில் தெரியாத குறை அங்கே அம்பலமாகும். வேகமானி கிடைத்தால், பத்து நிமிட இடைவெளி விட்டு அளந்து பாருங்கள். கைப்பம்பால் காற்று நிரப்புகிறவர்கள் ஈரத்தையும் சேர்த்தே உள்ளே தள்ளுகிறார்கள். ஈரம் உறிஞ்சும் வடிகட்டி இல்லாமல் அப்படித் தொடர்ந்தால் சிலிண்டரின் உட்புறமும் வால்வும் அரிக்கப்படும். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் நிரம்பிய துப்பாக்கியை விட்டுவிட வேண்டாம்: 20 டிகிரியில் 200 பார் அளவுக்கு நிரப்பிய காற்று 50 டிகிரியில் ஏறக்குறைய 220 பார் ஆகிறது. அத்துடன் உயர் அழுத்தப் பகுதியில் பெட்ரோலிய எண்ணெய் ஒரு சொட்டும் இடக் கூடாது. திடீரென அழுத்தப்படும் காற்றில் அது தீப்பற்றக்கூடும். காற்றை அடைக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளுக்குச் சிலிக்கோன் கிரீஸ் மட்டுமே.

தூறலைப் பற்றி நீங்கள் கவலைப்பட அதிகமில்லை. நனைந்த துப்பாக்கியைத் துடைத்து, வெளிப்புற எஃகுக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சுக் கொடுத்தால் போதும்; உண்மையான தீங்கு, ஈரமான துப்பாக்கியை ஃபோம் பெட்டிக்குள் மூடி வைத்து மறந்துவிடுவதில்தான் இருக்கிறது. மரக் கட்டை பொருத்திய துப்பாக்கி என்றால், ஈரத்தில் மரம் சற்று ஊதும் என்பதால் கட்டையைப் பிடிக்கும் திருகுகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனி உங்கள் நண்பர்கள் இருவருக்கும். முதலாமவர் சொல்வது 10 மீட்டர் ஒலிம்பிக் வகைப் போட்டித் துப்பாக்கிக்குப் பொருந்தும். 0.5 மி.மீ. அளவேயான பத்துப் புள்ளி மையத்துக்காகச் செய்யப்படும் அந்தத் துப்பாக்கியில் கன்னக்கட்டை முதல் தோள்தட்டு வரை எல்லாமே நகர்த்தக்கூடியவை. நகர்த்தக்கூடியவை அனைத்தும் தளரக்கூடியவை. அதன் ட்ரிக்கரும் சில பத்துக் கிராம் அழுத்தத்திலேயே விடுபடும்படி வைக்கப்பட்டிருக்கும். வழுக்கும் சரிவில், விறைத்த விரலோடு கையாள அது பாதுகாப்பானதன்று. உங்களுடையது அந்த வகை அல்ல. ஆகவே அவருடைய அறிவுரை உங்களுக்குப் பொருந்தாது.

இரண்டாமவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஸ்பிரிங் துப்பாக்கிக்குச் சிலிண்டரும் பம்பும் தேவையில்லை, கசிவதற்கு அதில் அதிகமாக எதுவும் இல்லை, நாள்கணக்கில் காட்டில் இருந்தாலும் வேலை செய்யும். ஆனால் வேலை செய்வதும் குறி தவறாமல் சுடுவதும் ஒன்றல்ல. கனமான பிஸ்டன் முன்னோக்கிப் பாய்ந்து, காற்று மெத்தையில் மோதித் திரும்பும்போது துப்பாக்கி முன்னும் பின்னுமாக இருமுறை உதைக்கிறது. அந்த இரட்டை உதை கட்டைத் திருகுகளைத் தளர்த்துகிறது, அதற்கென வடிவமைக்கப்படாத ஸ்கோப்பை உடைத்தும் விடுகிறது. பிடிக்கும் விதம் சற்று மாறினாலும் பெல்லட் வேறிடத்துக்குப் போகும். பாறைமேல் நேரடியாக வைத்துச் சுட்டால் குரூப் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அதில் தேர்ச்சி பெற்றவர்கள் அருமையாகச் சுடுகிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை; ஆனால் ரெகுலேட்டர் உள்ள பிசிபி துப்பாக்கியின் குறி கெட்டுவிடுமோ என்று அஞ்சி ஸ்பிரிங் துப்பாக்கிக்கு மாறுவது, எனது கருத்தில், எதிர்த்திசையில் நடப்பதாகும். அந்தச் செலவை ஒரு நல்ல ஒற்றை மவுண்டுக்கும், துப்பாக்கியின் எடை ஸ்கோப்பின் மீது விழாதபடி குடைந்த ஃபோம் கொண்ட கடினப் பெட்டிக்கும் செய்யுங்கள்.

கரடுமுரடான இடத்தில் நடக்கும்போது துப்பாக்கியில் பெல்லட் இருக்கவே கூடாது, பூட்டை இழுத்தும் வைக்கக் கூடாது. சுடும் இடத்தில் அமர்ந்து, இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகே பெல்லட்டை இட வேண்டும். சரிவில் உட்கார்ந்து சுடும்போது துப்பாக்கி தன்னையறியாமல் ஒரு பக்கம் சாய்வதுண்டு. தரையே சாய்ந்திருப்பதால் கண் அதை உணராது. வலப்பக்கம் சாய்த்தால் பெல்லட்டும் வலப்பக்கமே போகும், தூரம் கூடினால் விலகலும் கூடும். ஸ்கோப்பின் மீது ஒரு சிறிய நீர்மட்டக் குமிழைப் பொருத்திக்கொண்டால் இந்த ஐயமும் தீரும்.

உள்ளரங்குச் சோதனையை இந்த வாரமே செய்யுங்கள். விலகல் இல்லையெனில் துப்பாக்கியில் எதையும் தொட வேண்டாம், காற்றைப் படிக்கப் பழகுங்கள். ஒரு குச்சியின் நுனியிலோ குழல்முனையிலோ கட்டிய ஒரு நூலிழை அதற்குப் போதும். 8 மி.மீ. அளவில் விலகியிருந்தால் மவுண்டைக் கழற்றிப் பொருத்திவிட்டு இன்னொரு முறை பத்துப் பெல்லட் சுடுங்கள். அதன் பிறகும் மையம் ஓரிடத்தில் நிற்காமல் நாளுக்கு நாள் அலைந்தால் கோளாறு ஸ்கோப்பின் உள்ளே இருக்கலாம்; வேறொரு நல்ல ஸ்கோப்பைப் பொருத்திப் பார்ப்பதே அதற்கான சோதனை. அந்த ஸ்கோப்பிலும் அலைந்தால் மட்டும், சுட்ட தாள்களையும் அதே பெல்லட் டப்பாவையும் சேர்த்து, துப்பாக்கியைப் பழுது பார்ப்பவரிடம் கொண்டு செல்லுங்கள்.